மலைக்குக் கொண்டுசெல்லும் காமிரா

“ஃபாதர், நல்ல காமிரா ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?” என்று பங்கு இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. திருவிழாத் தேர்ப்பவனியையும் புதுநன்மை விழாவையும் நான் படம் பிடிப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். கடையில் விற்கும் பெயர்களுள் ஒன்றை நான் சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். “யாரைப் படம் எடுக்கப் போகிறாய்? எங்கே எடுக்கப் போகிறாய்? எடுத்ததை யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?” என்று நான் திருப்பிக் கேட்டால் சற்றுத் திகைப்பார்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் எண்ணம். கொல்லிமலையில் வாழும் குடும்பங்களைச் சந்திக்கப் பல ஆண்டுகளாகப் போய்வரும் பழக்கத்தில் எனக்குக் கிடைத்த எண்ணம் அது. ஆகவே அதனை நம் குடும்பங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறக்குறைய 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர்வரை உயர்ந்து நிற்கும் அந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் செழிக்கின்றன. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ பேருந்தை விட்டு இறங்கினால், வயல்வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் நடந்துதான் பல வீடுகளை அடைய முடியும். காலையில் வெயில் அடிக்கும். நண்பகலுக்குள் பனிமூட்டம் இறங்கி எதிரே நிற்பவரையும் மறைத்துவிடும். இத்தகைய இடத்துக்கு எதைத் தூக்கிச் செல்வது என்பது புகைப்படக்காரனின் தோளும் முதுகும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டிய காரியம்.

இந்தச் சிக்கல் நமக்கு முன்னரே வேறொருவருக்கு வந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857, 1858ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் நெடும்பயணம் செய்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. கொல்லிமலை அந்நாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அந்த மாவட்டத்தின் இராயக்கோட்டை முதலிய இடங்களைப் பற்றியும் அவருடைய படத்தொகுப்பு ஒன்று 1858ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தால் நுணுக்கம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் தகட்டின்மீது மருந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே இருட்டறைக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவவும் வேண்டும். நம் நாட்டு வெயிலில் மருந்து விரைவில் உலர்ந்துவிடும்; கண்ணாடியோ வழியில் உடையும். ஆகவே டிரைப் தம் படங்களுள் பெரும்பாலானவற்றுக்கு மெழுகு ஏற்றிய காகிதத்தைத் தேர்ந்துகொண்டார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், எடை குறைவு, உடையாது. சிறிது நுணுக்கத்தை இழந்து, போகவேண்டிய ஊருக்குப் போகும் வசதியை அவர் பெற்றார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாகவும் அவர் ஆக்கினார். கருவியை இடமே தெரிவு செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

என்னுடைய பையில் இருப்பவற்றை இப்போது சொல்கிறேன். சிறிய டிஜிட்டல் காமிரா ஒன்று, பழைய பிலிம் காமிராவின் கணக்கில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, கூடுதலாக ஒரு மின்கலம், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்று, ஒரு குறிப்பேடு. லென்சுகளை இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களுடன் வைத்திருக்கிறேன். மலையின் ஈரக்காற்றில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் லென்சின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்துவிடும். பின்பு எவ்வளவு துடைத்தாலும் படம் மங்கலாகவே வரும். குளிரில் நடந்துவந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் லென்சில் நீர் பூக்கும். அதைத் துணியால் தேய்க்காமல், பையை மூடியபடியே கால்மணி நேரம் வைத்துவிட்டு வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்தால் போதும். நலம் விசாரிக்க அந்த நேரம் நன்கு பயன்படுகிறது.

தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் நீண்ட லென்ஸ் ஏன் இல்லை என்று சிலர் வினவுகிறார்கள். பறவைகளைப் படம் எடுப்பவருக்கு அது இன்றியமையாதது. ஆனால் 200 மில்லிமீட்டர் லென்ஸ் கையில் இருந்தால், எதிர்ச்சரிவில் களை பறிக்கும் பெண்ணின் முகத்தை அவள் அறியாமலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். 50 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தினாலோ, ஒருவரை இடுப்புவரை எடுக்க ஏறக்குறைய ஐந்தடி தூரத்தில் போய் நிற்க வேண்டும். ஐந்தடி என்பது இருவர் பேசிக்கொள்ளும் தூரம். அங்கே போய் நின்றபின் வணக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. “வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டால் காமிராவைத் தாழ்த்தாமல் இருக்கவும் முடியாது. இந்த மூன்று கட்டாயங்களுக்காகவே நான் அந்த லென்சைத் தேர்ந்தேன். வீட்டினுள் நான்கைந்து பேரைச் சேர்த்து எடுக்கும்போதுதான் 35 மில்லிமீட்டரை மாட்டுகிறேன். அதைவிட அகன்ற லென்சை முகத்தருகே கொண்டுபோனால் மூக்குப் பெருத்தும் காது சிறுத்தும் தோன்றி, உருவம் கேலிப்படமாகிவிடும்.

பெயர் கேட்பதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். கே. ரங்காச்சாரி அவருக்குத் துணை நின்றார். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. (மலையாளி என்பது இங்கே மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர், கேரள மக்களைக் குறிப்பதன்று.) அவருடைய உழைப்பினால் நாம் அறிந்துகொண்டவை பல. ஆயினும் மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோலால் அளந்து குறித்த காலம் அது. அத்தகைய நூல்களில் வரும் படங்களின் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயர் இருக்கும். நிற்கும் மனிதரின் பெயர் இராது. காமிராவின் முன் நின்றவர் ஒரு மாதிரியாக ஆக்கப்பட்டார். ஆடுகளைப் பெயரறிந்து அழைக்கும் நல்லாயனைப் பற்றிப் பீடத்தில் நின்று போதிக்கும் நாம், பெயரில்லாத முகங்களைச் சேகரிப்பது தகுமோ?

மலையில் ஒரு முதியவர் என்னிடம் சொன்ன சொல் இதைவிடக் கூர்மையானது. ஆகாய கங்கை அருவியைக் காண வருவோர் வழியில் தம்மையும் தம் பேரப்பிள்ளைகளையும் நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. “எத்தனையோ பேர் வந்து படம் புடிச்சிட்டுப் போறாங்க, சாமி. ஒருத்தரும் ஒரு படம் கொண்டாந்து குடுத்ததில்லே,” என்றார். அதில் கோபம் இல்லை. கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்று கணக்குச் சொல்வது போன்ற குரல். அவர் பேசியது சரியான கணக்கு என்றே நான் கருதுகிறேன். எடுத்த படம் எடுத்தவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்கும்வரை, அந்தக் கடன் அடைபடுவதில்லை.

இனி, வெளிச்சத்தைப் பற்றி. மலையிலுள்ள பழைய வீடுகளில் வாசல் தாழ்ந்தும் உட்புறம் இருண்டும் இருக்கும். காமிராவின் தலையில் பிளாஷை மாட்டிப் பளிச்சென்று அடித்தால் படம் தெளிவாக விழும் என்பது உண்மைதான். ஆனால் நேரே பாயும் அந்த ஒளி முகத்தின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடும். பின்சுவரில் கன்னங்கரிய நிழலை வீழ்த்தும். தொட்டிலில் உறங்கும் குழந்தையை எழுப்பிவிடும். நான் பயன்படுத்துவது எஃப் 1.8 துவாரம் உள்ள லென்ஸ். சாதாரணமாகக் காமிராவுடன் தரப்படும் லென்ஸ் எஃப் 5.6 துவாரத்தில் வாங்கும் ஒளியைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை இது வாங்கிக்கொள்ளும். பெரியவரை வாசலுக்கு உட்புறமாக, ஒளி பக்கவாட்டில் விழும்படி ஒரு பலகையில் அமரச் செய்கிறேன். மறுபுறத்தில் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். வாசலில் வந்த ஒளி வேட்டியில் பட்டுத் திரும்பி, கன்னத்தின் இருண்ட பகுதியை மெல்லத் துலக்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் குடைகளும் மென்திரைகளும் செய்யும் வேலையில் பாதியை அந்த வேட்டி செய்துவிடுகிறது.

இங்கே நம் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக்கொண்டு கணக்குப் போடும். கருத்த முகமுள்ள பெரியவர் வெள்ளைச் சட்டையுடன் வெள்ளைச் சுவரின் முன் நின்றால், அது வெள்ளையைப் பார்த்து ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். முகம் இருண்டு கண்கள் மட்டும் தெரியும். பனிமூட்டத்திலும் இதே தொல்லைதான். ஆகவே சுவரை விட்டுவிட்டு முகத்தை நோக்கியே ஒளியை அளக்க வேண்டும். பனியில் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். பிலிம் காலத்தில் இந்தக் குறை இன்னும் ஆழமாக இருந்தது. கோடாக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்க 1950களிலிருந்து அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் படம் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது வழக்கமாயிற்று. கருத்த முகங்கள் குழம்பி விழுந்தபோது, குறை அந்த முகங்களில் இருப்பதாகவே பலரும் எண்ணிக்கொண்டார்கள். இறைவன் தம் சாயலாகப் படைத்த முகம் எதுவும் படத்துக்குத் தகாததன்று. அதற்கேற்ற அளவை வைக்காததே குறை. “நான் கருப்பு, எனக்குப் படம் நல்லா வராது” என்று ஒதுங்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைக் காட்டி விளக்குவதை நான் ஒரு மறைப்பணியாகவே கொள்கிறேன்.

இவ்வளவு அக்கறையும் எதற்காக என்று கேட்கலாம். மலைமேல் ஒரு மூதாட்டியின் அடக்கத்துக்குச் சென்றிருந்தேன். ஐந்து பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் இருவரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்களைச் சாமைக் கஞ்சி ஊற்றி வளர்த்து ஆளாக்கியவர். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் படம் வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் தேடியபோது, அடையாள அட்டையில் இருந்த விரல்நகம் அளவுள்ள படத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்தார்கள். புள்ளிபுள்ளியாகச் சிதறிய அந்த உருவத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிய மகள், “இது எங்க அம்மா மாதிரியே இல்லையே, சாமி,” என்று சொல்லி அழுதாள். அடையாள அட்டைக்காரர் எவரையும் குறைசொல்ல வழியில்லை. அட்டைக்கு அடையாளம் போதும். மகளுக்குத் தாய் வேண்டும். அதுமுதல், நான் செல்லும் ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவரை வாசல் ஒளியில் அமர்த்தி ஒரு படமாவது எடுக்கிறேன். கீழே இறங்கியதும் கடையில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, அடுத்த முறை மலையேறும்போது அவரவர் கையில் சேர்க்கிறேன். அச்சுக் கூலியையும் காமிராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

கொல்லிமலையைப் பற்றி எழுதும்போது திருமதி ஈவ்லின் பிராண்டை நினையாமல் இருக்க இயலாது. நம் சகோதரத் திருச்சபையாகிய பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்த அவரும் அவருடைய கணவர் ஜெசி பிராண்டும் இம்மலைக்கு வந்து மக்களிடையே உழைத்தார்கள். தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் உலகப்புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914ஆம் ஆண்டில் இவர்களுக்கு மகனாகப் பிறந்தார். ஜெசி பிராண்ட் 1929ஆம் ஆண்டில் காய்ச்சலில் மறைந்தார். அம்மையாரோ முதுமையிலும் மலைகளை விட்டு இறங்க மறுத்து, 1974ஆம் ஆண்டில் தமது 95ஆம் வயதில் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று பணி செய்தார். இளமையில் ஓவியம் பயின்றவர் அவர். அழகைக் காணத் தெரிந்த கண்கள் அவருடையவை. ஆயினும் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ள அவர் இசையவில்லை என்று அவருடைய மகன் கூறியிருக்கிறார். தம்மைத் தாமே படம் எடுத்து எடுத்து மகிழும் இக்காலத்தில், கையில் காமிரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கண்ணாடியில்லாத வீட்டைச் சற்று எண்ணிப்பார்ப்பது நலம். கண்கள் பிறரைப் பார்ப்பதற்காக நமக்குத் தரப்பட்டவை.

படம் எடுத்து அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. அயர்லாந்து நாட்டு இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் பிரவுன், ஆயராக இருந்த தம் சிற்றப்பாவிடமிருந்து இளமையில் ஒரு காமிராவைப் பரிசாகப் பெற்றவர். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பலின் முதற்பயணத்தில் அயர்லாந்துவரை சென்றார். அமெரிக்காவரை உடன்வரச் செலவு தருவதாகச் சிலர் கூறியும், சபைத் தலைவர் இறங்கிவிடும்படி தந்தி அனுப்பியதால் கீழ்ப்படிந்து இறங்கினார், உயிர் பிழைத்தார். அக்கப்பலில் அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. 1960ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் பெட்டியொன்றில் உறங்கிக் கிடந்த ஏறக்குறைய 42,000 நெகட்டிவ்களை, 1985ஆம் ஆண்டில் அதே சபையைச் சேர்ந்த குரு ஒருவர் கண்டெடுத்தார். அவை இன்று பயன்படுவதற்குக் காரணம், பிரவுன் அடிகளார் நாளையும் விவரத்தையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததே. என் பையில் குறிப்பேடு இருப்பதும் அதனால்தான். பெயர், ஊர், உறவு, நாள் ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொண்டு, அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குறித்துக் கொடுக்கிறேன்.

ஒரு காலத்தில் நம் வீடுகளில் அக்பா கிளிக் காமிராவும், உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த ‘இந்து’ பிலிமும் இருந்தன. ஒரு சுருளில் 12 படங்கள்தாம். ஆகவே குடும்பம் முழுவதும் தலைவாரி, திருநீராட்டுச் சட்டை அணிந்த குழந்தையை நடுவில் வைத்து, மூச்சடக்கி நின்றது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. கைப்பேசியில் ஓராண்டில் ஆயிரம் படம் எடுக்கிறோம். பேசி உடைந்தால் ஆயிரமும் போகிறது. புதிய கருவியை நான் பழிக்கவில்லை. மலைமேல் பிள்ளைகள் கையிலும் இன்று அதுதான் இருக்கிறது. அதைக் கொண்டே நல்ல படம் எடுக்கலாம். கைப்பேசியின் லென்ஸ் அகன்றது. ஆகையால் முகத்தருகே நீட்டாமல் இரண்டடி பின்னே நின்று, இருமடங்கு பெரிதாக்கும் வசதியைத் தொட்டு எடுங்கள். பிளாஷை அணைத்துவிட்டு வாசலருகே வாருங்கள். திரையில் முகத்தின்மீது விரலை வைத்தால் கருவி அதற்கேற்ப ஒளியைச் சரிசெய்துகொள்ளும்.

அன்புக் குடும்பத்தினரே, உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருப்பார்களேயானால், இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்தபின் அவர்களைத் திண்ணையில் அமர்த்துங்கள். அவர்களுக்குப் பிடித்த சேலையையோ வேட்டியையோ அணியட்டும். சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாமல், பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். கதை நடக்கும்போது எடுங்கள். இரண்டு படிகள் அச்சிட்டு, ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பின்புறத்தில் பெயரை எழுத மறவாதீர்கள். எந்தக் காமிரா வாங்கலாம் என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள். நானும் மகிழ்ச்சியோடு விடை சொல்கிறேன்.